பாலத்துக் கேள்விக்கு ஐந்து மதிப்பெண்

விடைத்தாள் திருத்தும் முகாமில் முதல் அடி விழுந்தபோது காலைத் தேநீர்கூட வந்து சேர்ந்திருக்கவில்லை. அடித்தவர் பூகோளம், வாங்கியவன் நெட்டை. இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே கட்டைப் பிரித்துத் திருத்த வேண்டியவர்கள். பூகோளம் உண்மையில் புவியியல் ஆசிரியர். வரலாற்றுத் தாளுக்கு ஆள் போதவில்லை என்று, ஓய்வுபெறப்போகிற மனிதரையும் விடாமல் இழுத்து வந்து போட்டிருந்தார்கள். நெட்டை புதிதாக வேலைக்கு வந்தவன். வந்த வேகத்திலேயே ஆசிரியர் சங்கத்தில் ஆளுங்கட்சி அணிக்குச் செயலாளராகியிருந்தான்.

"பாலத்துல செத்தவன்ல பாதிப் பேரு கூலிக்கு வந்த ரவுடி, சார்" என்று பேனா மூடியைக் கடித்தபடி சொன்னான் நெட்டை.

பூகோளத்தின் சித்தப்பா அந்தப் பாலத்தில் செத்தவர். பூகோளம் எழுந்ததை யாரும் பார்க்கவில்லை. அறைந்த சத்தத்தைத்தான் கேட்டார்கள்.

தலைமைத் தேர்வாளர் தன் மேசையிலிருந்து எழுந்து வந்தாள். மற்றவர்கள் சிவப்பு மையில் திருத்துவதை அவள் பச்சை மையில் சரிபார்ப்பாள். பல வருடமாக அதே வேலை என்பதால் அவளுக்குப் பெயரே பச்சை மை என்றாகிவிட்டது. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. பேச்சு குறைவான பெண்மணி. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவருக்கே கேள்வி மறந்துபோகும் என்று முகாமில் கேலி செய்வார்கள்.

"சார், உங்க வயசென்ன, அவன் வயசென்ன?"

"வயசு கெடக்கட்டும் டீச்சர். கை தானா போயிடுச்சு."

"தானா போற கைய மேசைக்கு அடியில வச்சுக்கோங்க."

நெட்டையின் உதடு கிழிந்து மேல்தாளில் ஒரு சொட்டு விழுந்திருந்தது. அவன் துடைக்கவில்லை. "எழுத்துல புகார் குடுக்கப் போறேன்" என்றான்.

"குடுப்பா. முதல்ல உன் பங்குத் தாளத் திருத்திக் குடு."

கூடத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யார் யாரென்று நெட்டை திரும்பிப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டான்.

சண்டைக்குக் காரணமான கேள்வி வினாத்தாளின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. பாலத்துச் சம்பவத்தை விவரி, ஐந்து மதிப்பெண். அந்த ஊருக்கு அது கதையல்ல. ஆலையை மூடியபோது தொழிலாளர்கள் ஊர்வலமாக ஆற்றுப்பாலத்தில் போனார்கள். காவலர்கள் சுட்டார்கள். இதுவரைக்கும் இரண்டு கட்சிக்கும் தகராறில்லை. அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்பதில்தான் வெட்டும் குத்தும். பழைய பாடப் புத்தகம், வெறுங்கையோடு வந்தவர்களைச் சுட்டார்கள், தப்பி ஓடியவர்களைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கி ஆற்றில் தள்ளினார்கள் என்றது. ஆட்சி மாறியதும் வந்த புதிய புத்தகம், ஊர்வலத்தினர் கல்லெறிந்தார்கள், காவலர்கள் தற்காப்புக்காகச் சுட்டார்கள் என்றது.

அந்த ஒரு பக்கத்துக்காக அந்த வருடம் நாடே கையை முறுக்கிக்கொண்டு நின்றது. சட்டசபையில் ஒலிபெருக்கியைப் பிடுங்கி ஒருவர் மண்டையை ஒருவர் பிளந்தார்கள். பக்கத்து ஊரில் பழைய புத்தகத்தை வைத்து வகுப்பெடுத்த ஆசிரியரை, பிள்ளைகள் பார்க்கப் பார்க்கக் கொடிக்கம்பத்தில் கட்டி, கிழித்த பக்கத்தை அவர் வாயில் திணித்தார்கள். பதிலுக்கு எதிர்க்கட்சிக்காரர்கள் புதிய புத்தகம் ஏற்றி வந்த லாரியைக் கொளுத்தினார்கள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த கிளீனருக்கு இரண்டு காலும் போயின. அவன் எந்தப் புத்தகமும் படித்தவனில்லை.

பெரியவர்கள் இப்படி அடித்துக்கொண்டதில் புதிய புத்தகம் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தபோது பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. பாதிப் பள்ளிகளுக்கு வரவே இல்லை. அண்ணன் படித்த புத்தகத்தைத் தம்பி படிப்பதும், அக்கா புத்தகத்தைத் தங்கை படிப்பதும் வழக்கம்தானே. ஆகவே கட்டைப் பிரித்தால், ஒரு தாளில் ஊர்வலம் கல்லெறிந்தது, அடுத்த தாளில் வெறுங்கையோடு நடந்தது.

இந்த முகாம்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேலிடத்திலிருந்து விடைக்குறிப்பு அச்சாகி வரும். எந்த வரிக்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். ஆனால் பிள்ளைகள் விடைக்குறிப்பைப் பார்த்தா எழுதுகிறார்கள்? குறிப்பில் இல்லாத, ஆனால் தப்பென்று தள்ளவும் முடியாத பதில்களைத் தலைமைத் தேர்வாளர் முதல் நாள் காலையில் கரும்பலகையில் எழுதிப்போடுவார். எல்லா மேசையும் அதைப் பார்த்து ஒரே மாதிரி மதிப்பெண் போடும். மாலையில் அழித்துவிடுவார்கள். எந்தச் சட்டத்திலும் இல்லாத ஏற்பாடு. வெளியே கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது இல்லாமல் எந்த முகாமும் ஓடியதுமில்லை.

அன்று காலை பச்சை மை பலகையில் எழுதினாள்: பாலத்துக் கேள்வி. பழைய புத்தக விடை, புதிய புத்தக விடை, இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு. எழுதி, கை போன போக்கில் கீழே கையெழுத்தும் போட்டாள். வருடக்கணக்காகப் பச்சை மையில் எதைத் தொட்டாலும் கையெழுத்துப் போட்டே பழகிய கை. கரும்பலகையில் கையெழுத்துப் போடுகிற முட்டாள்தனத்தை ஒரு தலைமைத் தேர்வாளரைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

எழுதி முடித்துத் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தவள், அச்சடித்த விடைக்குறிப்பின் மூன்றாவது வரியையே வெகுநேரம் பார்த்தாள். "கூட்டத்தினர் எறிந்த கல்லில் காவலர் ஒருவரின் நெற்றி பிளந்தது. ஒரு மதிப்பெண்."

அந்தக் காவலர் அவளுடைய அப்பா.

பாலத்தில் சுட்ட அன்று அவளுக்கு ஒன்பது வயது. தம்பி தொட்டிலில் கிடந்தான். அம்மா, மறுநாள் பணிக்குப் போக அப்பாவின் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கரி போட்ட இஸ்திரிப் பெட்டி. ஒன்பது வயது மகளால் அதை இரண்டு கையாலும் தூக்க முடியாது. அப்பா நெற்றியில் ஒரு கீறல்கூட இல்லாமல்தான் வீட்டுக்குள் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டே, பக்கத்து வீட்டுத் தையல்காரர் மகனும் பாலத்தில் இருந்தான் என்றார். அம்மாவை அக்கா அக்கா என்று சுற்றி வருகிற பையன் அவன். "நீச்சல் தெரியாதுன்னு கெஞ்சினான். அப்படியாடான்னு கேட்டுத் தள்ளினேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பெட்டி பறந்து வந்து அவர் நெற்றியில் பட்டது. தரையெல்லாம் நெருப்புத் துண்டுகள். தொட்டிலுக்கடியில் உருண்ட ஒன்றை அவள்தான் இடுக்கியால் எடுத்தாள். எடுக்கும்போது அம்மாவைப் பார்த்தாள். அம்மா அழவில்லை, கத்தவில்லை. அடுத்து எதைத் தூக்கலாம் என்று தேடுகிற மாதிரி நின்றாள்.

அப்பா மேலதிகாரியிடம் கல்லடி என்றார். பதவி உயர்வு வந்தது. அதன்பிறகு அம்மாவும் அப்பாவும் ஒரே கூரைக்குக் கீழே, அவர் சாகிறவரைக்கும், தேவைக்குமேல் ஒரு சொல் பேசாமல் வாழ்ந்தார்கள். மகளும் அந்த மௌனத்திலேயே வளர்ந்தாள். வீட்டில் பேசியவன் தம்பி ஒருவன்தான். அப்பாவின் வடுவைத் தடவிக்கொண்டே தூங்கியவன், வளர்ந்து இப்போதைய ஆளுங்கட்சியில் சேர்ந்து மேடை மேடையாக ஏறி அந்த வடுவைப் பற்றிப் பேசினான். ஊரே அவனை மேடை என்றுதான் கூப்பிட்டது. புதிய புத்தகம் எழுதிய குழுவிடம் அப்பாவின் புகைப்படத்தோடு போய் நின்று, அந்தக் கல்லடி வரியைச் சேர்க்க வைத்தவனும் அவனே.

அம்மா இருப்பது அவன் வீட்டில். அதனால்தான் பச்சை மை இத்தனை வருடமும் வாயைத் திறக்கவில்லை. தெரிந்தால் அவன் அம்மாவை என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவள் விரும்பவில்லை.

வாசலில் எல்லோருடைய கைபேசியையும் வாங்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். நெட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றைக் காலுறைக்குள் வைத்திருந்தான். கழிப்பறைக்குப் போய் வந்தவன், பலகையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றான். உச்சிவெயில் ஏறுவதற்குள் அந்தப் பலகை, கையெழுத்தோடு, ஊரில் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் இருந்தது.

முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு ஜன்னல் கண்ணாடி. வாசலில் காவலுக்கு நின்ற இரண்டு போலீஸ்காரர்களும் மரத்தடிக்குப் போய் வேறு திசையைப் பார்த்து நின்றார்கள். முகாம் அலுவலர் ஓடி வந்தார். எப்போதும் கழுத்துப் பித்தானைப் போட்டே இருக்கிற மனிதர்.

"டீச்சர், அத அழிச்சிடுங்க. நான் பாக்கல, நீங்க எழுதல. முடிஞ்சுது கதை."

"நீங்கதான சார் காலையில, நல்ல யோசனைன்னீங்க."

"நான் எத்தனையோ சொல்லுவேன். அதையெல்லாம் போய் நம்புவீங்களா?"

கதவு உடைகிற சத்தம் கேட்டதும் அவர் கட்டுகள் வைக்கிற அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

முப்பது நாற்பது பேர் இருக்கும். உள்ளே வந்தவர்கள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கையில் எது அகப்பட்டதோ அது ஆயுதம். முக்காலியின் காலைப் பிடுங்கி முக்காலியில் உட்கார்ந்திருந்தவரையே அடித்தார்கள். மேசைகளைக் கவிழ்த்தார்கள். கணக்கு டீச்சர் ஒருத்தி கூட்டல் சரிபார்க்க வந்தவள். அவளுடைய முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார்கள். "நான் கணக்கு, நான் கணக்கு" என்று அவள் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. நெட்டைக்கும் இரண்டு விழுந்தது. "டேய், நம்மாளுடா, நாந்தான்டா படம் அனுப்பினேன்" என்று அலறினான். அடிக்கிறவனுக்கு எல்லா வாத்தியாரும் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் வாங்கியதையெல்லாம் ஒரே நாளில் திருப்பிக்கொடுக்கிற மாதிரி அடித்தான்.

அந்தக் களேபரத்தின் நடுவில் மேடை வந்தான். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. அவன் யாரையும் தொடவில்லை. கீழே சிதறிக் கிடந்த தாள்களை மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து அக்காவிடம் வந்தான். அந்தப் பழக்கம் அம்மா சொல்லிக்கொடுத்தது.

"சாப்பிட்டியாக்கா?"

அவள் பலகைக்கு முன்னால் போய் நின்றாள்.

"பாரு, என் பசங்க ஒருத்தனும் உன் மேல கை வைக்கல. சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். அந்தப் பலகைய நீயே அழி. நம்ம பையன் படம் எடுப்பான். புது விடைக்கு மட்டும்தான் மார்க்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. உனக்குத்தான் கையெழுத்துன்னா கொள்ளை ஆசையாச்சே."

"பழைய புத்தகத்தப் படிச்ச பிள்ளைங்க என்னடா செய்யும்?"

"பெயிலாகட்டும். ஒரு வருஷம் போனா திரும்பி வரும். அப்பா பேரு போனா வருமா?"

"அப்பா பேர நான் எங்க எடுத்தேன்? உங்க விடைக்கும் மார்க் போடச் சொல்லித்தான எழுதியிருக்கேன்."

"ரெண்டும் சரின்னா ரெண்டும் பொய்யின்னு ஆயிடும்க்கா. நானும் நாலெழுத்துப் படிச்சவன்தான்."

அவன் சொன்னது சரி என்று அவளுக்குத் தோன்றியது. காலையில் பலகையில் எழுதும்போதே உள்ளுக்குள் உறுத்தியது அதுதான். எல்லோருக்கும் நல்லவளாக இருக்கப் பார்த்திருந்தாள். இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, தான் கண்ணால் பார்த்த மூன்றாவதை விழுங்கியிருந்தாள். சுண்ணக்கட்டிதானே, அழித்துவிடலாம். கை உயரவில்லை. அவள் நின்றாள். தம்பிக்கு அக்காவின் மௌனம் புதிதல்ல. ஆனால் வந்தவர்களுக்குப் பொறுமை இல்லை.

இரண்டு பேர் பூகோளத்தை இழுத்து வந்தார்கள். கண்ணாடி போயிருந்தது, ஒரு கண் மூடிக்கொண்டிருந்தது. காலையில் அறைந்தவர் இவர்தான் என்று நெட்டை விரலை நீட்டிக் காட்டியிருந்தான்.

"எந்தக் கைய்யா?"

"தானா போற கை" என்றார் பூகோளம். அந்த நிலையிலும் அவருக்கு வாய் அடங்கவில்லை.

வலது கையை மேசையில் விரித்து வைத்து, தாளில் துளையிடும் பஞ்சிங் இயந்திரத்தின் இரும்பு அடிக்கட்டையால் ஒருவன் இறக்கினான். முதல் அடியில் சத்தமே வரவில்லை. இரண்டாவது அடியில் பூகோளம் கத்திய கத்தலில், கட்டுகள் வைத்த அறைக்குள்ளிருந்து முகாம் அலுவலர் அழுகிற சத்தமும் சேர்ந்து கேட்டது. மூன்றாவது முறை ஓங்கினான்.

"நிறுத்தச் சொல்லுடா."

"பலகைய அழிக்கா."

அவள் தம்பியின் சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படிக் கேட்டாள்.

"கல்லு சுடுமாடா?"

"என்ன?"

"அப்பா நெத்தில நீ தடவிட்டே தூங்குவியே. ஓரமெல்லாம் வழவழன்னு இருக்கும். உங்க பேனர்லகூடத் தெரியுது. அது தீக்காயம்டா. கல்லு எங்கயாவது சுடுமா?"

அவன் முகத்தில் எதுவும் மாறவில்லை. அவனுடைய கட்டை விரல் மட்டும் ஆள்காட்டி விரல்மேல் மெல்ல உரசியது, எதையோ தொட்டுப் பார்க்கிற மாதிரி.

"அன்னைக்கு வீட்டுக்குள்ள நொழையறப்ப அப்பாவுக்கு ஒரு காயமும் இல்ல. அம்மா அவர் சட்டையத் தேய்ச்சிட்டு இருந்தா. தையக்காரர் மகன ஆத்துல தள்ளினத அவரே சொன்னாரு. அம்மா பெட்டியாலயே எறிஞ்சா. நான் பக்கத்துல நின்னேன். நீ தொட்டில்ல இருந்த."

அவன் அவளுடைய கையைத் தன் சட்டையிலிருந்து எடுத்துவிட்டான். பலகையைப் பார்க்கவில்லை; பூகோளத்தைப் பார்க்கவில்லை. வந்த மாதிரியே தாள்களை மிதிக்காமல் நடந்து வெளியே போனான். "தலைவரே" என்று, ஓங்கிய இரும்பைக் கீழே போட்டுவிட்டு ஒருவன் பின்னாலேயே ஓடினான். அவன் திரும்பவில்லை.

அவன் எங்கே போகிறான் என்று அவளுக்குப் புரிந்த நொடியில்தான், தான் செய்தது என்னவென்றும் புரிந்தது. ஒரு கையைக் காப்பாற்ற அம்மாவையே எடுத்துக் கொடுத்திருந்தாள். ஓடினாள். தலைவர் போய்விட்டதால் அடிக்கிறவர்களைத் தடுப்பாரும் இல்லை; நடைபாதையில் யாரோ ஒருவன் முக்காலிக் காலால் அவள் தோளில் ஒன்று வைத்தான். விழுந்தாள். எழுந்து மறுபடி ஓடினாள்.

தெருவில் கடைகளெல்லாம் அடைத்திருந்தன. முச்சந்தியில் பழைய புத்தகங்கள் ஒரு குவியலாகவும், அதற்கு நாலு கடை தள்ளிப் புதிய புத்தகங்கள் ஒரு குவியலாகவும் எரிந்தன. நெருப்புக்கு இரண்டும் ஒரே ருசிதான் போலிருக்கிறது. வாடகை வண்டிக்காரர் ஒருவர் அவள் கோலத்தைப் பார்த்து, "ஏறுங்கம்மா, ஏறுங்க" என்று கதவைத் திறந்தார். எங்கே என்று பிறகுதான் கேட்டார்.

தம்பி வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. முன்னறையில் அப்பாவின் முகம் அச்சிட்ட பேனர்கள் சுருட்டி அடுக்கியிருந்தன. தம்பி மனைவி சமையலறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாத்தனாரைப் பார்த்ததும், "என்ன அண்ணி சொன்னீங்க இவருகிட்ட?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மேடை அவள் காலடியில், தரையில், சின்னப்பிள்ளை மாதிரிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ஏற்கெனவே கேட்டுவிட்டான் போலிருந்தது. அம்மா மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேம்மா."

அம்மா கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். விளிம்புகளைச் சரியாகச் சேர்த்து, நீவி, அடுக்கின் மேலே வைத்தாள்.

"நான்தான்" என்றாள் மகனிடம்.

"கோவத்துல கை தவறிப் பட்டிருக்கும். அப்படித்தானம்மா?"

அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. எட்டிப் பிடித்துக்கொள்ள ஒரு கிளையை அவனே நீட்டினான். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்; மகன் பிழைத்திருப்பான், அம்மாவும் பிழைத்திருப்பாள். பச்சை மை அம்மாவின் வாயையே பார்த்தாள். சொல்லிவிடேன் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"கை தவறினதாலதான்டா அவரு பொழச்சாரு" என்றாள் அம்மா.

அவன் எழுந்ததைப் பச்சை மை காணவில்லை. அம்மாவின் வலது மணிக்கட்டு அவன் பிடியில் இருந்ததைத்தான் கண்டாள். "இந்தக் கையா? இந்தக் கையா?" என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். கத்தவில்லை; மேடையில் கத்துகிற குரல் அது இல்லவே இல்லை. கேட்கக் கேட்க முறுக்கினான். பச்சை மை அவன் முதுகில் பாய்ந்து தலைமுடியைப் பிடித்து இழுத்தாள், காதைக் கடித்தாள், வாயில் உப்புக் கரித்தது. தம்பி மனைவி, "விடுங்க, வயசானவங்க, எலும்புங்க" என்று அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதன்பிறகு எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அம்மா மூச்சை உள்ளே இழுத்தாள். வெளியே விடவில்லை.

அவனுடைய கைபேசி அடித்தது. அம்மாவின் கையை விடாமலே இன்னொரு கையால் எடுத்தான். அந்தப் பக்கம் பேசியது அறை முழுக்கக் கேட்டது.

"தலைவரே, பூட்டு உடைச்சாச்சு. அந்த ஆபீசர் உள்ளதான் உக்காந்து அழுதுட்டு இருந்தான், தொரத்திட்டோம். மொத்தக் கட்டும் இங்கதான் இருக்கு. நம்ம பிள்ளைங்க நம்ம பாடத்த எழுதினதும் இதுலதான் கெடக்கு. என்ன செய்யறது?"

அவன் அம்மாவைப் பார்த்தான். காதிலிருந்து ரத்தம் வெள்ளைச் சட்டையின் தோளில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவன் எதைப் பார்த்தான், எதைக் கணக்குப் போட்டான் என்று பச்சை மைக்குப் பிறகு எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை. கல்லெறிந்த கூட்டமும் போய், கல்லும் போய், அவனிடம் மிச்சமிருந்தது ஒரு கட்சி மட்டும்தான்.

"கொளுத்துங்க" என்றான். "ஒண்ணு விடாம."

பிறகு அம்மாவின் கையை, மடித்து வைத்த துணிமேல் மெதுவாக வைத்தான். அறையைவிட்டுப் போய்ப் பேனர்களுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

வாடகை வண்டிக்காரர் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தார். மருத்துவமனைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்துப் பக்கமாகப் புகை எழுந்து நின்றது. கல்லெறிந்த ஊர்வலமும், வெறுங்கையோடு நடந்த ஊர்வலமும், கேள்வியையே தொடாமல் விட்டவர்களின் வெள்ளைத் தாளும் அதில் இருந்தன. அம்மா புகையைப் பார்த்தாள். பச்சை மைக்குத் தோள் நகரவில்லை. அந்தத் தோளில்தான் அம்மா சாய்ந்திருந்தாள் என்பதால் அவள் சொல்லவுமில்லை.

மருத்துவமனையில் அன்று கூட்டம் நிரம்பி வழிந்தது. முகாமிலிருந்து வந்தவர்களே ஒரு வராந்தா முழுக்க. ஒரு மூலையில் பூகோளம், கை முழுக்கத் துணி சுற்றி, பக்கத்திலிருப்பவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பாதியிலேயே மயங்கிச் சரிந்தார். செவிலி ஒருத்தி அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு வரிசையாகக் கேட்டு எழுதி வந்தாள். வேலை மிகுந்துபோனவர்களின் வேகம் அவளுக்கு.

"பெரியம்மாவுக்கு என்ன, கீழ விழுந்துட்டாங்களா?"

கேட்கும்போதே பேனா தாளில் இறங்கிவிட்டது. வயதானவர்கள் கை முறிந்து வந்தால் விழுந்தது என்றே எழுதிப் பழகியிருப்பாள். பச்சை மை வாயைத் திறந்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் தம்பி வீட்டுக்குப் போலீஸ் போகாது, அவன் ஆட்கள் தன் வீட்டுக்கு வர மாட்டார்கள், அம்மா தன்னோடு நிம்மதியாக இருப்பாள். நாளைக்கே எல்லாம் அடங்கிவிடும். அந்தச் சொல் நாக்கின் நுனிவரைக்கும் வந்தது.

"விழல" என்றாள் அம்மா. "என் மகன் முறிச்சான்."

செவிலியின் பேனா நின்றது. அவள் மகளைப் பார்த்தாள், வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள். "பெரியம்மா, அப்படி எழுதினா போலீசுக்குப் போயிடும். இன்னைக்கு ஊர் இருக்கற இருப்புல... யோசிச்சுச் சொல்லுங்க."

அம்மா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். பின்னாலிருந்தவர்கள் நகரச் சொல்லி முணுமுணுக்கிற அளவுக்கு.

"அவன் பேரு எழுதணுமா?" என்று கேட்டாள்.

"நீங்க சொன்னா எழுதித்தான் ஆகணும்."

"அப்ப எழுதிக்கோ."

அம்மா மகனுடைய பெயரை, அவனுடைய அப்பா பெயரோடு சேர்த்து, முழுசாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சொல்லி முடித்ததும், சரியாகத்தான் எழுதியிருக்கிறாளா என்று தாளை எட்டிப் பார்த்தாள்.